தூங்குது என்று எழுதிய பெட்டி

பிப்ரவரி 6

தம்பிக்கு,

அத்தை கப்பலிலிருந்து இறங்கி நேராக என் சிங்கிக் கொட்டகைக்குத்தான் வந்தாள். கையிலிருந்த பெட்டியைக்கூட வீட்டில் வைக்கவில்லை. தொட்டி ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, "ஏண்டி, உன் தம்பி நடுக்கடல்ல வச்சு உன் மானத்த வாங்கிட்டான்டி" என்றாள்.

நீ செஃப்பாக இருக்கிற கப்பலில், ஊழியர் குடும்பத்துக்குக் கொடுக்கிற டிக்கெட்டில் அவளை அனுப்பி வைத்தாய். நல்லது. அவள் எதற்காக ஏறினாள் என்பதும் உனக்குத் தெரியும். நம் அத்தைக்கு நீச்சல் குளமும் வேண்டாம், மேடையில் ஆடுகிறவர்களும் வேண்டாம். அவளுக்கு நல்ல சிங்கி இறால் வேண்டும். முதல் நாளே பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறாள். நண்டு என்று எழுதி வைத்திருந்தது நண்டே இல்லையாம், மீனை அரைத்துச் சிவப்புச் சாயம் பூசின குச்சியாம். இறாலைக் கடித்தால் ஐஸைக் கடித்த மாதிரி இருந்ததாம். பரிமாறுகிறவரைப் பிடித்து, "ஏம்ப்பா, இவ்வளவு பெரிய கப்பல்ல ஒரு நல்ல சிங்கி எங்கதான் கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறாள். மேல் தளத்தில் தனி உணவகம் இருக்கிறது, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும் என்றாராம். சொல்லி வைத்துவிட்டு நாலு நாள் காத்திருந்து, இருப்பதிலேயே நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு போயிருக்கிறாள்.

அங்கே மெனு கார்டில், "அக்கா கொட்டகையிலிருந்து வந்த முழுச் சிங்கி" என்று அச்சடித்திருந்ததாம். என் கொட்டகை. அத்தை சும்மா இருப்பாளா? பக்கத்து மேசைக்காரர்களிடமெல்லாம் இது எங்கள் பெண்ணின் கொட்டகை என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் தட்டு வந்தது.

"வாயில வச்சேன். பல்லே வேண்டாம்டி, மாவா கரைஞ்சு போச்சு. பஞ்ச வெண்ணெயில முக்கித் தின்ன மாதிரி. பக்கத்து மேசக்காரி என் வாயையே பாக்குறா. நான் என்ன பண்ணுவேன்? ரொம்ப நல்லாருக்குன்னு தலைய ஆட்டிக்கிட்டே முழுங்குனேன்."

நவம்பருக்குப் பிறகு உன் கப்பலுக்கு நான் ஒரு சிங்கிகூட அனுப்பவில்லை. ஏனென்றால் நீ வாங்குவதை நிறுத்திவிட்டாய். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கடைசிப் பெட்டிகளை அனுப்பின அன்று காலை போனில் நாம் பேசிய பேச்சுக்குப் பிறகு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நீ நிறுத்தின கையோடு துறைமுகத்து ஓட்டல்கள் இரண்டும் நிறுத்திவிட்டன. "இப்ப வேண்டாம் மேடம், தேவைப்பட்டா சொல்றோம்" என்கிறார்கள். சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

என்னிடம் வாங்காமல் என் பெயரை மட்டும் எப்படி வாங்கினாய்? கார்டிலிருந்து அதை எடு. இதைக் கப்பல் ஏஜென்டின் அலுவலகத்தில் கொடுத்தால் உன் கைக்கு வந்துவிடும் என்றார்கள். வந்ததும் பதில் எழுது.

அக்கா

*

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஏஜென்ட் எல்லோர் முன்னாலும் வைத்துக் கொடுத்தார். "என்ன செஃப், உங்கக்கா இன்னும் கடுதாசி காலத்துலயே இருக்காங்களா?" என்று சிரித்தார். நீ என் போன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று அவரிடம் சொல்லவா முடியும்? நானும் சிரித்து வைத்தேன்.

காரணம் தெரியாது என்கிறாயே, படித்தவளுக்கு நன்றாக நடிக்கவும் வருகிறது. நவம்பரில் கேப்டன் விருந்துக்கு நீ அனுப்பிய பெட்டிகள் நினைவிருக்கிறதா? அத்தனையும் செத்தவை. ஒன்று இரண்டு இல்லை, அத்தனையும். விருந்துக்கு ஆட்கள் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள், கீழே குளிர் அறையிலிருந்து தகவல் வருகிறது. என் நிலைமையை நினைத்துப் பார். கப்பல் இருப்பிலிருந்த உறைந்த வால் துண்டுகளை எடுத்து, சாஸை ஊற்றி மறைத்து அனுப்பினேன். கேப்டன் ஒரு துண்டை முள்கரண்டியால் குத்தித் தூக்கிப் பார்த்தார். திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதே நாள் காலையில்தான் நீ என்னைக் கேட்டாய்: "நீ சமையல்காரனாடா, இல்ல போட்டோவுக்கு நிக்கிற பொம்மையா?" உன்னிடமே ஏன் முழுக்க வாங்கக்கூடாது என்று நீ கேட்டதற்கு, கப்பல் நிறுவனத்தில் ஒருவரிடம் மட்டும் வாங்க விடமாட்டார்கள் என்று சொன்னேன். அதற்குக் கிடைத்த பட்டம் இது. காலையில் பட்டம் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் செத்த சிங்கியையும் கொடுத்தாய். அதற்கப்புறம் எந்த முகத்தோடு உன்னிடம் வாங்கச் சொல்கிறாய்? ஏஜென்ட் கேட்டார், கொட்டகைப் பெட்டி செத்து வந்தது என்று சொன்னேன். வேறு என்ன சொல்வேன்?

மெனு கார்டை நான் அச்சடிப்பதில்லை. இருப்புப் பட்டியலில் என்ன பெயர் இருக்கிறதோ அதை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிற பெண் எடுத்துப் போடுகிறாள். பழைய பெயர் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும். எடுக்கச் சொல்கிறேன்.

அத்தை வேறு. கப்பலில் நல்ல மீன் வேண்டுமென்றால் துறைமுகத்தை விட்டுக் கிளம்பின முதல் நாளே மேலே வந்து சாப்பிட வேண்டும், நாள் போகப் போக எல்லாம் உறைந்ததுதான் என்று ஏறும்போதே படித்துப் படித்துச் சொன்னேன். அவள் முதல் நாளைச் சாயக் குச்சியில் கழித்துவிட்டாள். மூன்று தடவை கேக் வாங்கியதை மட்டும் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள்.

தம்பி

*

பிப்ரவரி 24

தம்பிக்கு,

ஓட்டல்காரர்கள் ஏன் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்று இப்போது புரிகிறது. நீ ஏஜென்டிடம் சொன்னாய். அவர்தான் அவர்களுக்கும் சரக்கு பிடித்துக் கொடுக்கிறவர். துறைமுகம் முழுக்க நான் செத்த சிங்கி விற்கிறவள். நீ ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் கடலுக்குப் போய்விட்டாய், நான் இங்கே கரையில் அதனோடு நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

அவை சாகவில்லை. தூங்கிக்கொண்டிருந்தன.

உனக்கு இதை நான் எழுத வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு ஆத்திரம். கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்த நான் அந்த வேலையை விட்டுவிட்டு இந்தத் தொட்டிகளைக் கட்டியபோது என்னோடு சிமென்ட் குழைத்தவன் நீ. கடல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர வைத்தால் சிங்கியின் மீசை அடங்கும், கால் அடங்கும், செத்தது போல் கிடக்கும். ஈரச் சாக்கில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினால் அப்படியே பயணம் போகும். போன இடத்தில் நல்ல கடல் தண்ணீரில் விட்டால் மெதுவாக எழுந்துவிடும். முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, எல்லாம் தூங்குது பாரேன்" என்று கத்தியவன் யார்? அந்தச் சொல்லே உன்னுடையது. அன்றிலிருந்து நம் கொட்டகையில் அதற்கு வேறு பேர் கிடையாது. நவம்பர் பெட்டிகளின் மூடியிலும் கறுப்பு மையில், என் கையால், "தூங்குது" என்றுதான் எழுதினேன். பிரித்ததும் தண்ணீரில் விடுவாய் என்று.

எனக்கு இரண்டு கேள்வி. பெட்டியைத் திறந்தது யார்? நீ உன் கண்ணால் பார்த்தாயா?

இன்னொன்றும் இருக்கிறது. அத்தை மாவு என்றாள். நீ கப்பல் இருப்பில் இருப்பது வால் துண்டு என்கிறாய். வாலை மட்டும் வெட்டி உறைய வைத்தால் அது ரப்பராகத்தான் ஆகும், மாவாகாது. தலையோடு முழுதாக உறைய வைத்தால்தான் தலைக்குள் இருக்கிற சாறு இறங்கிச் சதையை மாவாக்கும். கார்டிலும் முழுச் சிங்கி என்றுதான் இருந்திருக்கிறது. உன் கப்பலுக்கு முழுச் சிங்கி எங்கிருந்து வந்தது? கீழே போய்ப் பார். படி இறங்கத் தெரியும்தானே?

அக்கா

*

மார்ச் 8

அக்காவுக்கு,

இறங்கினேன். உன் பெட்டிகள் குளிர் அறையின் கடைசித் தட்டில் இருக்கின்றன. பாதிக்கு மேல் காலி. மூடியில் உன் எழுத்து. அத்தை தின்றது உன் சிங்கிதான். போதுமா?

குளிர் அறையைப் பார்த்துக்கொள்பவனை இங்கே எல்லோரும் மீசை என்று கூப்பிடுவார்கள். அன்று அவன்தான் திறந்தான். திறந்துவிட்டு மேலே போன் செய்தான்: "சார், உங்கக்கா மூடியிலயே எழுதிட்டாங்க, தூங்குதுன்னு." இங்கே அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. விருந்தாளிகள் காதில் விழக்கூடாது என்பதற்காகக் கெட்டுப்போன மீனைச் சமையலறையில் தூங்கிடுச்சு என்போம். "அந்தத் தட்டு தூங்கிடுச்சு, மாத்து" என்றால் வேறு யாருக்கும் புரியாது, எங்களுக்குப் புரியும். அவன் சொன்னதும் எனக்கு அந்த அர்த்தம்தான் தோன்றியது. செத்துவிட்டது, அக்கா அதையும் மறைக்காமல் மூடியிலேயே எழுதி அனுப்பியிருக்கிறாள், உன்னால் ஆனதைப் பார்த்துக்கொள் என்கிறாள் என்று நினைத்தேன். காலையில் அப்படிப் பேசியவள் சாயங்காலம் இப்படியும் செய்வாள் என்று தோன்றியது. தூக்கிப் போடு என்றேன். அவன் போடாமல் உறைய வைத்திருக்கிறான். பின்னால் யாரோ அதை இருப்பில் ஏற்ற, அது கார்டுக்குப் போய்விட்டது.

நான் பார்க்கவில்லை. விருந்துக்கு நடுவில் எப்படி இறங்குவது? ஒன்று கேட்கிறேன். ஆயிரம் பேர் வேலை பார்க்கிற கப்பலுக்குப் பெட்டி அனுப்புகிறவள் நம் வீட்டுச் சொல்லை எதற்காக மூடியில் எழுதுகிறாய்? உயிரோடு இருக்கிறது, தண்ணீரில் விடு என்று எழுத உனக்குக் கை வலிக்குமா? தப்பு என் ஒருத்தன் மேல் மட்டும் இல்லை.

கார்டை மாற்றியாயிற்று. மிச்சமிருந்ததை எடுத்து எறியச் சொல்லிவிட்டேன். இதோடு விடு.

தம்பி

*

மார்ச் 10

தம்பிக்கு,

நான் கப்பலுக்கு எழுதவில்லை. உனக்கு எழுதினேன். திறக்கிற கை உன் கையாக இருக்கும் என்று நினைத்தேன். அது தப்பென்றால் ஒத்துக்கொள்கிறேன். இனி எந்தப் பெட்டியையும் உன்னை நினைத்துக்கொண்டு கட்டமாட்டேன்.

உறைய வைத்தார்கள் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டாய். உயிரோடு இருந்தவற்றை அப்படியே பனியில் தள்ளி மூடியிருக்கிறீர்கள். உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தொட்டி முன்னால் நின்றேன். அவை பாட்டுக்கு மீசையை ஆட்டிக்கொண்டிருந்தன. கொல்லத்தான் விற்கிறேன், எனக்கு அது தெரியும். ஆனால் அது இப்படி இல்லை.

இதோடு விடு என்கிறாய். நீ விட்டுவிடலாம். என்னிடம் தொட்டி நிறையச் சரக்கு இருக்கிறது, வாங்க ஆள் இல்லை. வலை இழுக்கிறவர்களுக்கு இந்த வாரம் "கொண்டு வராதீங்க" என்று சொல்லியனுப்பினேன். அவர்களும் இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. கொட்டகையை மூடுவதா வேண்டாமா என்பது நீ ஏஜென்டிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் தொங்குகிறது.

வாயால் சொன்னதை எழுத்தால் திருத்து. பெட்டிகள் உயிரோடு வந்தன, பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்று ஏஜென்டுக்கு எழுதிக் கையெழுத்துப் போடு. நேரில் சிரித்துப் பேசிச் சரிக்கட்டுகிறேன் என்று வராதே. நீ சிரித்துச் சரிக்கட்டுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அக்கா

*

மார்ச் 22

அக்காவுக்கு,

எழுதிக் கொடுத்துவிட்டேன். "நவம்பர் விருந்துக்கு அக்கா கொட்டகையிலிருந்து வந்த சிங்கிகள் உயிருடன், நல்ல நிலையில் வந்து சேர்ந்தன. கப்பலின் உள்ளே ஏற்பட்ட தவறான தகவலால் அவை கெட்டுவிட்டதாகக் கருதப்பட்டன. இதில் கொட்டகையின் பிழை எதுவும் இல்லை." இதுதான் வாசகம். கீழே என் கையெழுத்து இருக்கிறது. ஓட்டல்களுக்கும் ஏஜென்டே நகல் அனுப்பிவிட்டார்.

நீ கேட்டதை விட ஒரு வார்த்தை குறைவு என்று குறுக்கு விசாரணை செய்யாதே. பெரிய செஃப் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு என் பெயர் போயிருக்கிறது. இந்தச் சமயத்தில் பார்க்காமல் சொன்னேன் என்று நானே எழுதிக்கொடுக்க எனக்குப் பைத்தியமா? உனக்கு வேண்டியது உன் பெயர். அது கிடைத்துவிட்டது. எனக்கும் ஒரு பெயர் இருக்கிறது என்பதை அவ்வப்போது நினைத்துக்கொள்.

சரக்கு வாங்குவதைப் பற்றிப் பிறகு பேசலாம். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் உனக்குத்தான் நல்லது.

தம்பி

*

ஏப்ரல் 3

தம்பிக்கு,

ஓட்டல்காரர் ஒருவர் திங்கட்கிழமை வந்தார். "மன்னிச்சுக்குங்க மேடம், அந்த ஏஜென்ட் சொன்னத நம்பிட்டோம்" என்றார். இந்தத் தடவை என்னை நேராகப் பார்த்துப் பேசினார். தொட்டியில் கைவிட்டு அவரே பொறுக்கி எடுத்துப் போனார். உனக்கு நன்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

ஏனென்றால் நேற்று மீசை வந்தான்.

அப்படி ஒரு மீசையை நான் பார்த்ததில்லை, அவன் பேர் சொல்லாமலே அடையாளம் தெரிந்துவிட்டது. கையில் கப்பல் பை. தவறான தகவல் கொடுத்த ஊழியன் என்று இறக்கி விட்டுவிட்டார்களாம். உன் வாசகத்தில் யார் பெயரும் இல்லை, ஆனால் குளிர் அறையில் தகவல் கொடுக்கிறவன் ஒரே ஒருத்தன்தானே? கொட்டகையில் ஏதாவது வேலை இருக்குமா என்று கேட்க வந்திருந்தான்.

நான் முதலில் அவனைத்தான் திட்டினேன். உயிரோடு இருந்ததை உறைய வைத்தாயே, உனக்கு ஈவு இரக்கம் கிடையாதா என்று. வாங்கிக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்.

"செத்துப் போச்சுன்னு நான் சொல்லவே இல்ல மேடம். மூடியில தூங்குதுன்னு எழுதியிருக்கு சார், ஆனா ஒண்ணு ரெண்டு கால் ஆடுற மாதிரி இருக்கு, எனக்கு ஒண்ணும் புரியல, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்கன்னேன். மேல பாட்டுச் சத்தம். போட்டோ எடுக்குறாங்க, நிக்கிறேன், அப்புறம்னாரு. மறுபடியும் போன் போட்டேன். தூக்கிப் போடுய்யா, என் அக்கா பெட்டிதானேன்னு வச்சிட்டாரு. எனக்குத் தூக்கிப் போட மனசு வரல. வைக்க வேற இடமும் தெரியல."

என் அக்கா பெட்டிதானே. இதை நீ வேறு யாருடைய பெட்டிக்கும் சொல்லியிருக்கமாட்டாய். அந்நியன் அனுப்பிய பெட்டி என்றால் ஓடி இறங்கியிருப்பாய். இதில் சொல் எங்கே குழப்பியது? கால் ஆடுகிறது என்பதற்கு உங்கள் கப்பலில் வேறு அர்த்தம் உண்டா?

எனக்கு நீ எழுதிய கடிதத்தில் அவன் இரண்டாம் தடவை கூப்பிட்டது இல்லை. கால் ஆடியதும் இல்லை. போட்டோவும் இல்லை. என் மேல் விழுந்த அழுக்கைத் துடைத்து அவன் மேல் பூசிவிட்டு, உனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்கிறாய். இப்படிக் கிடைப்பது எனக்கு வேண்டாம்.

இன்று காலை ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போனேன். மீசை சொன்னதை அப்படியே எழுதி, அவனிடம் கையெழுத்து வாங்கி, அடியில் நானும் போட்டுக் கொடுத்தேன். செஃப் இரண்டு முறை அழைக்கப்பட்டும் வந்து பார்க்கவில்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். ஏஜென்ட் படித்துவிட்டு, "மேடம், இது உங்க தம்பிக்கு வர்ற பதவியக் கெடுத்துரும், தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். "உங்க பேருதான் சரியாயிடுச்சே, அப்புறம் ஏன்?" என்றார். "மீசை பேரு இன்னும் சரியாகலயே" என்றேன். உனக்கு ஒன்று சொல்கிறேன்: உனக்கு நல்லது நடக்கவேண்டும் என்று இத்தனை வருடம் நினைத்தவள்தான் நான். வீட்டுக்கு நடந்து வரும்போது பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தேன். ஆனாலும் போய்த் திருப்பி வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

மீசைக்கு இப்போதைக்குத் தொட்டி கழுவுகிற வேலை கொடுத்திருக்கிறேன். சிங்கியைத் தொட விடவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 17

அக்காவுக்கு,

பெரிய செஃப் என்னை எதிரில் நிற்க வைத்துக்கொண்டு உன் கடிதத்தை முழுக்கப் படித்தார். நீ எதையும் கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. வாத்தியாரம்மா விடைத்தாள் திருத்தின மாதிரி இருந்தது. அந்த நாற்காலிக்கு இன்னொருத்தர் வருகிறார். என்னை ஊழியர் சமையலறைக்கு மாற்றிவிட்டார்கள். தண்ணீர் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது, ஜன்னல் கிடையாது, பருப்பும் சோறும் வேகிறது. போட்டோவுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. சந்தோஷம்தானே?

ஆமாம், கால் ஆடுகிறது என்று அவன் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. உனக்கு அதுதானே தெரிய வேண்டும்? இறங்கிப் பார்த்தால் நீ சரியாக இருப்பாய் என்று எனக்குத் தெரியும். நீ எப்போது தப்பாக இருந்திருக்கிறாய்? பள்ளிக்கூடத்தில் நீ சரி, வீட்டில் நீ சரி, வேலையை விட்டுவிட்டுத் தொட்டி கட்டினாய், ஊரே சிரித்தது, அதிலும் நீதான் சரி. காலையில் என்னைப் பொம்மை என்றாய், அதுவும் சரியாக இருந்துவிட்டால் நான் எங்கே போவேன்? உன் பெட்டி ஒரே ஒரு தடவை செத்து வரட்டும் என்று எனக்கு இருந்தது. நீ ஒருநாள் உனக்கே தம்பியாக இருந்து பார், அப்புறம் திட்டு.

இதற்காக உன் காலில் விழப்போவதில்லை. உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

விசாரித்ததில் மீசை மேல் குற்றம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். அடுத்த முறை கப்பல் துறைமுகத்துக்கு வரும்போது பழைய வேலைக்கே திரும்ப ஏறிக்கொள்ளலாமாம். எனக்குக் கீழே இல்லை, பயப்பட வேண்டாம் என்று சொல். வருவானா என்று அவனைக் கேட்டு எனக்கு எழுது. வரமாட்டேன் என்று சொன்னால், அதற்கும் சேர்த்து என்னைத் திட்டி எழுது.

தம்பி